நான்கு அறைப் பெட்டியும் இருநூறு காஸெட்டுகளும்

திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துகளை, இது வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்த 1980களிலிருந்தே பதிவு செய்து வருபவர். அவரிடம் அறுபது நிமிடக் காஸெட்டுகள் ஏறத்தாழ இருநூறு உள்ளன. பிற்காலத்தில் கைபேசியில் எடுத்த இருபது இரவுகளின் ஒளிப்பதிவுகளும் உண்டு. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. இப்பதிவுகளுக்கு வேறெங்கும் நகலும் இல்லை.

இவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேமித்து, வீட்டுத் தொலைக்காட்சியிலும் பேரப்பிள்ளைகளின் கைபேசியிலும் வேண்டும்போது பார்க்க விரும்பினார். அதற்கென ஒரு கடையில் விலைப்பட்டியல் வாங்கி வந்து, "தம்பி, இது சரிதானா பாருங்க" என்று என்னிடம் நீட்டினார். இக்கட்டுரை அந்தப் பட்டியலைப் பற்றிய விமர்சனம். அதே வகைப் பட்டியல்கள் எல்லா ஊர்களிலும் எழுதப்படுவதால் வாசகர்களுக்கும் பயன்படக்கூடும்.

பட்டியலில் இருந்தவை இவை: நான்கு டிஸ்க்குகள் பொருத்தக்கூடிய 'நாஸ்' பெட்டி ஒன்று, 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகள் நான்கு, வேகத்துக்காக ஓர் எஸ்.எஸ்.டி. அவ்வளவுதான். "ஒரு டிஸ்க் போனாலும் எதுவும் அழியாது சார், வேறு காப்பியே வேண்டாம்" என்று கடைக்காரர் உறுதி கூறினாராம்.

முதலில் அளவைப் பார்ப்போம். குறுந்தட்டுத் தரத்தில் ஒலியை எண்களாக மாற்றினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட் ஆகும். ஓர் அறுபது நிமிடக் காஸெட்டுக்கு 635 மெகாபைட். இருநூறு காஸெட்டுகளும் சேர்ந்து 127 ஜிகாபைட்தான்! சட்டைப் பையில் போடும் பென் டிரைவில் அடங்கிவிடும். ஒளிப்பதிவுதான் இடத்தை விழுங்குவது. நொடிக்கு 17 மெகாபிட் வீதம் எட்டு மணி நேரக் கூத்து ஒன்று 61 ஜிகாபைட் பிடிக்கும். இருபது இரவுகள் 1,220 ஜிகாபைட். ஆக மொத்தம் ஒன்றரை டெராபைட்டுக்கும் குறைவு. பட்டியலில் உள்ள நான்கு டிஸ்க்குகளைக் கடைக்காரர் சொன்ன முறையில் இணைத்தால் 24 டெராபைட் கிடைக்கும். ஒரு மூட்டை நெல்லுக்குப் பதினாறு மூட்டைக் குதிர் கட்டுவது போன்றது இது.

வேகமும் அப்படித்தான். நொடிக்கு 17 மெகாபிட் கேட்கும் படத்துக்கு, நொடிக்கு ஆயிரம் மெகாபிட் செல்லும் கம்பி வழியே மிகை. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே அந்த வழியை நிரப்பிவிடும். எஸ்.எஸ்.டி.யை நான் பேனாவால் அடித்துவிட்டேன்.

பட்டியலின் பெரும் பிழை கடைக்காரர் வாயால் சொன்ன உறுதியில் இருக்கிறது. பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் இம்முறைக்கு 'ரெய்டு' என்று பெயர். 1988ஆம் ஆண்டில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வுரையால் புகழ் பெற்றது. இதன் தத்துவம் எளிது. மூன்று டிஸ்க்குகளில் 5, 7, 4 என்ற எண்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகையான 16ஐ எழுதி வைக்கிறோம். இரண்டாவது டிஸ்க் பழுதானால் 16இலிருந்து 5ஐயும் 4ஐயும் கழித்து 7ஐ மீட்டுவிடலாம். (உண்மையில் நடப்பது இதைவிடச் சற்று வேறான கணக்கு, கருத்து இதுவே.)

ஆனால் பேரப்பிள்ளை தவறுதலாக 'அர்ச்சுனன் தபசு' கோப்பை அழித்துவிட்டால்? கணக்குப் பிசகாமல் நான்கு டிஸ்க்குகளிலும் அது அழியும். இடி விழுந்தாலோ, பெட்டியையே திருடன் தூக்கிச் சென்றாலோ நான்கும் ஒன்றாகவே போகும். ஒரு டிஸ்க் பழுதாகும்போது வேலை நிற்காமல் நடப்பதற்கு ரெய்டு உதவும். வங்கிக்கு அது இன்றியமையாதது. ஆசிரியர் வீட்டில் தொலைக்காட்சி இரண்டு நாள் ஓடாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. டிஸ்க் பழுது என்பதும் நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. ஏறத்தாழ மூன்று இலட்சம் டிஸ்க்குகளை இயக்கும் பேக்பிளேஸ் நிறுவனம் 2024ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில் பழுதானவை 1.57 சதவீதமே.

இடத்தோடு சேர்ந்து அழிவது என்பது வெறும் கற்பனை அன்று. 2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் உயிரிழந்தனர். அத்துயரின் முன் கோப்புகளைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. எனினும் மலையடியில் வாழும் நாம், ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைப்பது என்ன பொருள் தரும் என்பதை அன்று கண்டோம். அழியக்கூடாத பதிவுக்கு இரண்டாம் பிரதி வேண்டும். அது வேறு ஊரில் இருக்க வேண்டும்.

நம் முன்னோருக்கு இது தெரியாததன்று. வேலூரை அடுத்த திருவல்லம் பில்வநாதேசுவரர் கோயிலில், பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, அதிலிருந்த பல்லவர் காலக் கல்வெட்டைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டியிருக்கிறார்கள். இது பழைய கல்வெட்டின் படி என்ற குறிப்பும் அதிலேயே உள்ளது. கல்லையே நம்பாதவர்கள், காந்தம் பூசிய தட்டை நம்பியிருப்பார்களா?

சரி, பட்டியலைத் திருத்துவோம். எந்தப் பெட்டி?

கையளவுக் கணிப்பொறியான ராஸ்ப்பெரி பை மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. வெளி டிஸ்க்கோடு சேர்த்து 10 வாட் அளவிலேயே இயங்கும். ஆனால் தொலைக்காட்சிக்குப் புரியாத வடிவில் உள்ள படத்தை உடனுக்குடன் வேறு வடிவத்துக்கு மாற்ற அதனிடம் வலிமை இல்லை. பை 5இல் அதற்கான தனிச் சுற்றே நீக்கப்பட்டுவிட்டது. பரணில் கிடக்கும் பழைய மேசைக் கணிப்பொறிக்கு விலை இல்லை என்பார்கள். விலை மின்கட்டணத்தில் வரும். 65 வாட்டில் இரவும் பகலும் ஓடினால் அறுபது நாளில் 93 யூனிட்டுக்கு மேல் ஆகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டுகளில் பெரும் பங்கை அது ஒன்றே தின்றுவிடும்.

ஆயத்தப் பெட்டிகள் அழகானவை, எளிதானவை. அவற்றிடம் எனக்குள்ள குறை, நம் பிடி நழுவிவிடுகிறது என்பதே. 2025 ஏப்ரலில் சினாலஜி நிறுவனம், தன் புதிய 'பிளஸ்' வரிசைப் பெட்டிகளில் தான் விற்கும் அல்லது ஒப்புதல் தரும் டிஸ்க்குகளையே பயன்படுத்த வேண்டும் என்றது. எதிர்ப்புக்குப் பின் அக்டோபரில் அதைத் தளர்த்தியது. தளர்த்தியது நல்லதே, ஆயினும் விதியை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது அல்லவா?

ஆகவே நான் சொன்னது, அலுவலகங்கள் கழித்துவிடும் சிறிய வகைக் கணிப்பொறி. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி இருந்தால் படம் மாற்றும் சுற்று அதற்குள்ளேயே உண்டு. டிஸ்க்கோடு சேர்த்து 30 வாட் என்று கொண்டால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். 'ஜெல்லிஃபின்' என்ற இலவச மென்பொருளைப் போட்டால் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் படம் போகும்.

டிஸ்க் வாங்கும்போது ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில டிஸ்க்குகளில் தடங்கள், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்தாற்போல, ஒன்றன் மேல் ஒன்று சற்றே படிந்திருக்கும். இது 'எஸ்.எம்.ஆர்.' முறை. நடு ஓட்டை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் எடுக்க வேண்டுவது போல, ஒரு தடத்தைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுத வேண்டும். ஆதலால் தொடர்ந்து எழுதும்போது மந்தமாகிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸ் பெட்டிகளுக்கென்றே விற்ற 'ரெட்' வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சிலவற்றில் இம்முறையை வெளிப்படச் சொல்லாமல் பயன்படுத்தியதை 2020இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அட்டைப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் படித்தால் போதாது. தனித்தனித் தடங்கள் கொண்ட 'சி.எம்.ஆர்.' வகையா என்று மாதிரி எண்ணைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து, வெப்பத்துக்கும் பழுதுக்கும் நாம் நினைத்த அளவு தொடர்பில்லை என்று கண்டார்கள். இதை மேற்கோள் காட்டுவோர், அவை குளிரூட்டிய கூடங்களில் இருந்த டிஸ்க்குகள் என்பதைச் சொல்வதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊரில் தகரப் பெட்டியைப் பரணில் அடைத்து வைக்க அந்த ஆய்வு அனுமதி தரவில்லை. தரையை ஒட்டிக் காற்றோட்டமான இடமே சரி.

கடைக்காரர் மறந்த யு.பி.எஸ்.ஸைச் சேர்த்தேன். மின்சாரம் நின்றதும் கம்பி வழியே செய்தி அனுப்பி, கணிப்பொறியை ஒழுங்காக அணையச் செய்யும் வகையாக அது இருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென நிற்பதே கோப்புகளைக் கெடுக்கும்.

இறுதியில் ஆசிரியர் வாங்கியவை: பழைய சிறு கணிப்பொறி ஒன்று, அதனுள் 4 டெராபைட் டிஸ்க் ஒன்று, யு.பி.எஸ். ஒன்று, அதே அளவு வெளி டிஸ்க்குகள் இரண்டு. வெளி டிஸ்க்குகளில் ஒன்று எப்போதும் வேலூரில் மகள் வீட்டில் இருக்கும். மகள் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலத்துக்கு வருபவர். வரும்போது பழைய பிரதியைக் கொண்டு வந்து, புதிய பிரதியை எடுத்துச் செல்கிறார். நிலவு தவறாது வருவதால் நாள் குறித்து வைக்கவும் தேவையில்லை என்று சிரிக்கிறார் ஆசிரியர்.

காஸெட்டுகளில் இதுவரை நூற்று நாற்பதை மாற்றியாகிவிட்டது. மீதியில் சிலவற்றில் நாடா ஒட்டிக்கொண்டு சுழல மறுக்கிறது. நல்ல நிலையிலுள்ள காஸெட் டெக் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.