சொல்வரிசையும் பொருளும்

அரபு இலக்கணம் ஓதியோர் மறவாத எடுத்துக்காட்டு ஒன்றுண்டு: மூஸா ஈஸாவை அடித்தார். அரபியில் எழுவாயையும் செயப்படுபொருளையும் ஈற்று உயிர்க்குறியே காட்டும். இவ்விரு பெயர்களிலோ அக்குறி வெளிப்படாது. ஆகவே முன் நிற்பதே எழுவாய் என நூலார் விதித்தனர். வரிசை மாறின் அடித்தவர் அடிபட்டவராவார். 'மூஸா பேரிக்காயைத் தின்றார்' என்பதிலும் குறி வெளிப்படாது. ஆயினும் வரிசையை மாற்றலாம். காய் மனிதரைத் தின்னாதன்றோ? அங்கே பொருளே காவல்.

தமிழிலும் இஃதுண்டு. 'புலி கொல் யானை' என்ற அளவில் கொன்றது எதுவெனத் தெரியாது. அது ஓடிற்றென்றால் கொன்றது யானை; அதன் கோட்டைக் கொணர்ந்தனர் என்றால் இறந்தது யானை. பின்வரும் சொல்லால் உணர்வோர் தெளிவர் என்பது தொல்காப்பியர் முடிபு.

இதனை மறந்து, அரபு வரிசை பிறழாமல் சொல்லுக்குச் சொல் தமிழ் வைப்பதே பேணுதல் என்று கருதும் மொழிபெயர்ப்பு முறை நம்மிடையே உண்டு. திருக்குர்ஆனின் ஃபாத்திர் அத்தியாயம் 28ஆம் வசனத்தை நோக்குக. அல்லாஹ்வின் திருநாமம் முன்னும், அவனை அஞ்சும் உலமாக்கள் பின்னும் வருகின்றனர். 'இன்னமா' என்னும் இடைச்சொல் முதலில் நிற்க, அதன் வரையறை இறுதிச் சொல்லையே சாரும். அடியாரில் உண்மையாக அஞ்சுவோர் அறிந்தோரே என்பது கருத்து.

இவ்வரையறையைத் தமிழில் தருவது வரிசையன்று, பிரிநிலை ஏகாரம். வரிசையைக் காத்து ஏகாரத்தை விட்டவர் சொற்களை எண்ணிக் கொடுத்தார், பொருளைக் கொடுத்தாரில்லை. வரிசையை மாற்றி ஏகாரம் இட்டவரோ இரண்டு மொழிக்கும் நீதி செய்தார். வேதத்தின் பொருளை நம் பிள்ளைகள் தமிழிலேயே முதலில் அறிகின்றனர். ஆதலின் ஓர் எழுத்தின் குறையும் சிறிதன்று.