சில நிமிட இருளும் ஓர் ஆயுளும்

மெய்நிகர் கருவியைத் தலையில் மாட்டியதும் சுற்றியிருக்கும் அறை மறைந்து வேறோர் உலகம் விரிகிறது. தலையைத் திருப்பினால் அந்த உலகமும் கூடவே திரும்புகிறது. பிறர் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க இது வழிசெய்வதால், மாற்றுத்திறனாளிகளின் வாழ்வைப் பொதுமக்களுக்கு உணர்த்தவும் கையாளப்படுகிறது. 2015இல் இயக்குநர் கிறிஸ் மில்க் இதை ஒத்துணர்வை ஊட்டும் ஒப்பற்ற இயந்திரம் என்று போற்றினார்.

சொல்லி விளங்காததைப் புலன்வழியே விளங்கவைப்பது இதன் வலிமை. பிரிட்டனின் தேசிய ஆட்டிசச் சங்கம் 2016இல் வெளியிட்ட படத்தில், வணிக வளாகத்துக்குள் நடக்கும் சிறுவனின் கண்ணும் காதும் பார்ப்பவருடையவை ஆகின்றன. பிறர் பொருட்படுத்தாத ஓசைகளும் விளக்கொளியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தாங்க முடியாதவை ஆகின்றன. கடையில் கத்தி அழும் பிள்ளையை அடங்காப் பிள்ளை என்று ஏசுவது எவ்வளவு பெரிய தவறு என்பது அப்போது உறைக்கிறது.

இதன் பெருங்குறை காலத்தைச் சார்ந்தது. சில நிமிடங்களில் கிடைப்பது, ஒன்றை இழந்த முதல் கணத்தின் திகைப்பு மட்டுமே. ஊன்றுகோலால் வழியறிவதும் காதால் இடமறிவதும் ஆண்டுக்கணக்கில் கைவரும் திறன்கள். அவை அந்த நிமிடங்களில் அடங்குவதில்லை. பார்வையற்ற உளவியலாளர் ஏரியல் சில்வர்மனும் உடனாய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்துபார்த்தவர்கள், பார்வையற்றோரால் பணியாற்றவும் தனித்து வாழவும் இயலும் என்பதை அப்படிச் செய்துபாராதவர்களைவிடக் குறைவாகவே நம்பினர். இரக்கம் கூடினாலும் மதிப்பு குறைந்தால் அது இழப்பே. அந்த ஆய்வு கண்கட்டைப் பற்றியது. ஆனால், திடீர் இருளை மட்டும் காட்டும் மெய்நிகர் படைப்புக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

இக்குறையைத் தாண்டிய படைப்புக்கு எடுத்துக்காட்டு, 2016இல் வெளிவந்த ‘நோட்ஸ் ஆன் பிளைண்ட்னெஸ்’. பார்வையை இழந்த பேராசிரியர் ஜான் ஹல் 1983 முதல் ஒலிநாடாவில் பதிந்த நாட்குறிப்பே அதன் அடிப்படை. பூங்கா இருக்கையில் அமர்ந்திருப்பவரைச் சுற்றி முதலில் இருள். காலடி ஓசை எழுந்ததும் நடப்பவரின் உருவம் நீலப் புள்ளிகளாகத் துலங்குகிறது. ஓசை அடங்கியதும் மறைகிறது. இல்லாத ஒன்றுக்காக ஏங்கவைக்காமல், செவியால் உலகை அறியும் முறையைக் கற்பிக்கிறது இக்காட்சி. வழிநடத்துவதோ அந்த வாழ்வை வாழ்ந்தவரின் குரல்.

தடை எங்கே இருக்கிறது என்பதையும் இத்தகைய படைப்புகள் காட்டவேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரைத் தடுப்பது அவரது கால் அன்று; சாய்தளம் இல்லாத படிக்கட்டு. உடலின் இயலாமையை மட்டும் காட்டினால் பரிதாபம் மிஞ்சும். படிக்கட்டையும் காட்டினால் அதை மாற்றும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழும். ஆகவே மாற்றுத்திறனாளிகளே உருவாக்கத்தில் பங்கேற்று, தம் திறனையும் தம்மைத் தடுக்கும் தடையையும் சேர்த்துக் காட்டும்போதுதான் மெய்நிகர் அனுபவம் பொதுப்புரிதலுக்குத் துணைசெய்கிறது.