இசை விமரிசகரும் இரண்டாவது தொழிலும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பயின்றோர் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவரின் இலக்கணத்தையும் வகுத்துரைக்கும் இளங்கோவடிகள், விமரிசகன் என்று ஒருவனை அங்கே நிறுத்தவில்லை. மாதவியின் ஆடலைக் கண்ட சோழ மன்னன் தலைக்கோல் பட்டத்தையும் 1008 கழஞ்சுப் பொன்னையும் அளிக்கிறான். அக்கொடையே அன்றைய விமரிசனம். சுவைப்பவனும் மதிப்பிடுபவனும் பொருள் தருபவனும் ஒருவனாகவே இருந்தமையால், இடையில் மற்றொருவனுக்கு வேலை இருக்கவில்லை.

அரசவைகளும் ஜமீன்களும் தளர்ந்து, சபாக்கள் தோன்றிய பிறகே அந்த வேலை பிறந்தது. சென்னை மியூசிக் அகாதெமி 1928இல் நிறுவப்பட்டது. அதனையொத்த அவைகளில் மன்னனின் இருக்கையில் அமர்ந்தவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கிய பலர். கேட்டதை எடைபோட்டுச் சொல்லவும், கேளாதவர்க்கு எடுத்துரைக்கவும் ஓர் எழுத்தாளர் தேவைப்பட்டார். ஆனால் அவருக்குப் பொன் அளப்பார் எவருமிலர். விமரிசனம் எழுதிய வருவாயை மட்டும் கொண்டு குடும்பம் நடத்தியவர் நம்மிடையே மிக அரியர். எனவே இசை விமரிசகர் தொடக்கம் முதலே இரண்டு தொழில் உடையவராயிருந்தார்.

இந்நாளில் நம் நகரங்களில் இதற்குப் புதியதோர் எடுத்துக்காட்டு உண்டு. பகலில் செய்தித்தொடர்பு ஆலோசகராக நிறுவனங்களுக்கு மக்களிடம் எவ்வாறு பேசுவது என்று அறிவுரை கூறுபவர், மாலையில் கச்சேரிக்குச் சென்று வந்து விமரிசனம் எழுதுகிறார். ஒரு தொழில் குறையை மறைத்து நிறையைக் காட்டும் கலை. மற்றொன்றோ இரண்டையும் உள்ளவாறு சொல்லும் கடமை. இவ்விரண்டும் ஒரு மனத்தில் ஒன்றையொன்று கெடுக்காமல் வாழ இயலுமா? இவ்வினாவை முன்னோர் சிலர் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

ஆங்கில நாடகாசிரியர் பெர்னார்டு ஷா 1879இல் லண்டனில் எடிசன் தொலைபேசி நிறுவனத்தில் பணி புரிந்தார். வீட்டுக்காரர்களை நயந்து பேசி, அவர்தம் கூரைகளின் மேல் கம்பி கொண்டுசெல்ல இசைவு பெறுவது அவர் வேலை. பின்னர் அவர் புனைபெயரில் எழுதிய இசை விமரிசனங்களில் எவரையும் நயந்து பேசும் வழக்கமே இல்லை. நயப்புரையை நன்கு அறிந்தவருக்கே அதனை விலக்கவும் தெரிந்திருந்தது போலும்.

நம் மொழியில் இதற்கு இணையாக நிற்பவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. நாவலாசிரியராக அவரை அறிந்த அளவுக்கு, ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதிய விமரிசகராக நம் இளைய தலைமுறை அறியாது. கர்நாடக சங்கீதத்தையும், பழம்போக்கினர் என்ற ஏளனப் பொருளையும் ஒருங்கே தாங்கிய அப்பெயரே அவர் நகைச்சுவைக்குச் சான்று. பண்டிதர்க்கு மட்டுமே உரியது எனக் கருதப்பட்ட சங்கீதப் பேச்சை, சாதாரணக் குடும்பத்தார் படித்து மகிழும் தமிழில் அவர் எழுதினார்.

ஆனால் கல்கி வெறும் விமரிசகர் அல்லர். அடிப்படையில் அவர் ஒரு பிரசாரகர். 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி நடத்திய 'விமோசனம்' இதழில் அவர் பணியாற்றினார். மதுவிலக்கை மக்கள் மனத்தில் பதிப்பதே அவ்விதழின் நோக்கம். பின்னாளில் தமிழிசை இயக்கத்திற்கும் அவர் எழுதுகோல் அதே வேகத்தோடு உழைத்தது. மேலும், 1941இல் அவரும் டி. சதாசிவமும் தொடங்கிய 'கல்கி' இதழுக்கு, சதாசிவத்தின் துணைவியாரான எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' திரைப்படத்தில் நடித்துப் பெற்ற ஊதியம் முதலாக உதவியது. 1945இல் வெளிவந்த 'மீரா' படத்தில் அவர் பாடக் கல்கி பாடலும் இயற்றினார். இத்தகைய ஒருவர் எம்.எஸ். அவர்களின் இசையைப் பற்றி எழுதுவதை நடுநிலை விமரிசனம் எனக் கொள்ளலாமா?

முழுமையாகக் கொள்ள இயலாது என்பதே நம் கருத்து. எனினும் அவரைக் குறை கூறி விட்டுவிடுவதும் நேர்மையன்று. சதாசிவம் தம்பதியருடன் அவருக்கிருந்த உறவும், தமிழிசையில் அவருக்கிருந்த பற்றும் ஊரறிந்த செய்திகள். வாசகர் அவற்றை மனத்திற்கொண்டு, வேண்டிய அளவு கழித்துக்கொண்டு படிக்க முடிந்தது. சார்பு வெளிப்படையாக இருந்தால் வாசகரே தராசைச் சரிசெய்து கொள்வார். மறைந்திருந்தால் தராசே பொய்யாகிவிடும். தொடர்பு ஆலோசகராகவும் விமரிசகராகவும் விளங்குவோர் கல்கியிடம் கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே.

இரண்டாவது பாடத்தைத் தலைநகரில் வாழ்ந்த சுப்புடு கற்பிக்கிறார். பி.வி. சுப்பிரமணியம் என்னும் இயற்பெயருடைய அவர் 1917இல் பிறந்தவர். போர்க்காலத்தில் 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். மத்திய அரசில் பணியாற்றிக்கொண்டே, ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இசைக்கும் நடனத்திற்கும் விமரிசனம் எழுதினார். 2007இல் மறையும் வரை கலைஞர்கள் அவரை விரும்பினரோ இல்லையோ, அஞ்சினர். தமிழகத்துக்கு வெளியே குடியேறிய நம் குடும்பங்கள் மாலைக் கச்சேரியை அவர் எழுத்தோடு ஒப்பிட்டு மகிழ்ந்ததும் உண்டு, மனம் நொந்ததும் உண்டு.

அந்த அச்சமின்மைக்கு ஒரு காரணம் வெளிப்படை. அவருக்குச் சோறிட்டது அரசுச் சம்பளம். சபாவோ வித்துவானோ அன்று. ஒரு வித்துவானின் மனத்தாங்கலால் அவர் வீட்டு அடுப்பு அணைந்துவிடாது. பாடத் தெரியாதவன் குறை சொல்லலாமா என்ற வழக்கமான கேள்வியும் ஆர்மோனியம் வாசிக்கவல்ல அவரிடம் செல்லவில்லை.

இந்த விடுதலைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. விமரிசகர் எழுதிய ஒரு வரி தவறானால் அவருக்கு இழப்பு ஏதுமில்லை. அன்று மேடையேறிய இளம் பாடகிக்கோ அடுத்த அழைப்பே வாராது போகலாம். சுப்புடுவின் எள்ளல் சில வேளைகளில் குறையைச் சுட்டுவதோடு நில்லாமல், ஆளையும் தைத்தது. வாசகர் சிரித்தனர், ஆனால் சிரிப்பு தீர்ந்தபின் எந்த ஸ்வரம் பிசகியது என்ற செய்தி அவர்களிடம் எஞ்சியதா என்பது ஐயமே. பிழைப்பு வேறிடத்தில் இருப்பது விமரிசகருக்குத் துணிவைத் தருகிறது. பிறர் பிழைப்பு தம் வரியில் தொங்குகிறது என்ற நினைவே அத்துணிவுக்குக் கடிவாளம் ஆக வேண்டும்.

ஆலோசகராக இருப்பவரின் நிலை சுப்புடுவின் நிலையினும் நுட்பமானது. அரசுச் சம்பளத்துக்கும் கச்சேரிக்கும் தொடர்பில்லை. ஆலோசகரின் வாடிக்கை நிறுவனமோ, நாளை இசைவிழாவுக்குப் பொருளுதவி செய்வதாகவும் இருக்கலாம். அன்று அவர் அவ்விழாவைப் பற்றி எழுதாதிருப்பதே சால்பு. எழுதினால் தம் உறவை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். நாள் முழுதும் பயின்ற விளம்பர நடை மாலையில் தானே கையில் வந்து அமரும் என்பதையும் அவர் உணர்தல் வேண்டும். 'அவை மெய்ம்மறந்தது', 'செவிக்கு விருந்து' என்பன போன்ற தொடர்கள் அவ்வாறு வந்தமர்ந்தவையே.

இதனைக் கண்டறிய வாசகர்க்கு ஓர் எளிய வழி உண்டு. விமரிசனத்தில் பாடியவர் பெயரை மறைத்து, வேறொருவர் பெயரை எழுதிப் பாருங்கள். அப்போதும் அது பொருந்துமாயின் அஃது விளம்பரமே. எந்த ராகத்தில் ஆலாபனை நீண்டது, எந்தச் சொல் பிளவுபட்டுப் பொருள் சிதைந்தது, மிருதங்கம் எங்கே அடங்கிக் குரலுக்கு வழிவிட்டது என்று கூறும் எழுத்தில் பெயரை மாற்றவே முடியாது.

தாயகத்தில் ஒரு விமரிசனம் பொய்த்தால், தேரடியிலும் திருவிழாவிலும் நாகசுரம் கேட்டு வளர்ந்த செவி அதனைத் திருத்திக்கொள்ளும். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்புக் குறைவு. ஆண்டுக்குச் சில கச்சேரிகளும் அவற்றைப் பற்றிய சில பத்திகளுமே அவர்தம் இசைக்கல்வி. எல்லாரும் அருமை என்று எழுதப்பட்டால் அருமை எது என அவர்கள் அறியார். எல்லாரும் கேலிக்குரியர் ஆனால் சபாப் பக்கமே வாரார். ஆதலின் நம் சங்கங்கள் விழாவுக்கு வித்துவானைத் தேடும் அக்கறையோடு, அவரைப் பற்றி எழுதுவோரையும் தேட வேண்டும். அவர் எத்தொழில் செய்பவராயினும் ஆகுக. அத்தொழில் மேடையைத் தொடும் இடத்தை மறைக்காதவராகவும், கேட்டதையே எழுதுபவராகவும் இருத்தல் வேண்டும்.