சிதம்பரத்தில் பிறந்தார் என்பதோடு நின்றுவிடலாமா?

2009ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் வேதியியலுக்கான நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு பெற்ற மூவருள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்தவர் என்ற செய்தி தமிழுலகமெங்கும் பரவியது. வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் என்னும் பெயரை அதற்கு முதல்நாள் வரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மறுநாளோ அவர் நம்மவர் ஆகிவிட்டார். அன்று முதல் அவரைப் பற்றித் தமிழில் எழுந்த பாராட்டுரைகளும், பள்ளி மேடைகளில் மாணவர் ஒப்புவிக்கும் சொற்பொழிவுகளும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பிறந்த ஊர், பெற்றோர் பெயர், பெற்ற பரிசு, முடிவில் தமிழர் தலைநிமிர்ந்தனர் என்றொரு முழக்கம். எதற்காகப் பரிசு என்று கேட்டால் பேச்சாளருக்கும் தெரியாது. எழுதிக் கொடுத்தவருக்கும் தெரியாது.

உண்மை யாது? 1952இல் சிதம்பரத்தில் பிறந்த அவர், மூன்று வயதிலேயே பெற்றோருடன் பரோடா சென்றுவிட்டார். தாய் தந்தை இருவருமே அறிவியலாளர். பள்ளிப் படிப்பும், 1971இல் முடித்த இயற்பியல் பட்டப் படிப்பும் பரோடாவில்தான். ஆயினும் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார் என்றும், அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர் உண்டு என்றும் செய்திகள் வெளிவந்தன. தாம் அங்குப் பயின்றதே இல்லை என்று அவரே மறுக்க நேர்ந்தது. வந்து குவிந்த மின்னஞ்சல்களால் தம் வேலை தடைப்படுவதையும் அவர் குறிப்பிட்டார். ஒருவர் எந்த நாட்டில் பிறக்கிறார் என்பது தற்செயல் என்றும் கருத்துரைத்தார். இதனைச் செருக்கு என்று சினந்தோர் பலர். இல்லாத உறவை அச்சேற்றியவர்கள் மேல் வரவேண்டிய சினம், அதை மறுத்தவர் மேல் சென்றது. மாணவர்க்கு வாய்மையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாராட்டுரைகள் விட்டுவிடும் பகுதியே அவர் வாழ்க்கையின் சுவை மிகுந்த பகுதி. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்விலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்விலும் அவர் தேறவில்லை. அமெரிக்கா சென்று ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் கைக்கு வந்தபின், இத்துறை தமக்கு ஏற்றதன்று என்று துணிந்து, சான்டியாகோவில் உயிரியல் மாணவராக மீண்டும் பாடம் கேட்க அமர்ந்தார். டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர் அடிப்படைப் பாடம் கேட்க அமர்வதற்கு எத்தகைய மனம் வேண்டும்! பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூர் என்பாரிடம் ஆய்வு செய்தார். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது கல்வி நிலையங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் பணி கிட்டவில்லை. புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்திலும் யூட்டாவிலும் பணியாற்றிய பிறகு, ஊதியம் குறைவு என்று தெரிந்தும் 1999இல் கேம்பிரிட்ஜ் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கூடத்திற்குப் பெயர்ந்தார். மறு ஆண்டே பெரும்பயன் விளைந்தது.

விளைந்தது என்ன? ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். உயிரணுவுக்குள் இருக்கும் ரைபோசோம் என்னும் பொறி ஏறக்குறைய இருபது நானோமீட்டர் அகலமே உடையது. மரபணுவின் ஆணையைத் தாங்கிவரும் தூது ஆர்.என்.ஏ.யை மும்மூன்று எழுத்தாகப் படித்து, அதற்குரிய அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாய்க் கோத்துப் புரதம் ஆக்குவது அதன் தொழில். நானோ தொழில்நுட்பம் என்று இன்று பேசப்படும் அளவிலே இயற்கை என்றோ அமைத்துவிட்ட தொழிற்சாலை அது. அதன் சிறுபகுதியைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிர் பாய்ச்சி, அணுக்களின் இருப்பிடத்தை இராமகிருஷ்ணன் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வரைந்து காட்டினர்.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிராணி கொள்கலனின் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ரைபோசோமும் அவ்வாறே எழுத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறது என்று கருதத் தோன்றும். அன்று. பாரந்தூக்கியின் சட்டம் கொள்கலனின் நான்கு மூலையிலும் சரியாகப் பொருந்தினால்தானே பூட்டு விழும்? அதுபோல, எழுத்துகள் இணையும்போது உண்டாகும் வடிவத்தை ரைபோசோமின் சில உறுப்புகள் அளந்து பார்க்கின்றன. பொருந்தினால் ஏற்கும்; பொருந்தாவிடில் தள்ளும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சில இவ்வளவுகோலையே கெடுத்து, தவறான சரக்கை ஏற்கச் செய்கின்றன. ஸ்ட்ரெப்டோமைசின் நோய்க்கிருமியை எவ்வாறு தாக்குகிறது என்பதும் இவ்வழியே தெளிவாயிற்று.

இவ்வரலாற்றை அவரே 2018இல் 'ஜீன் மெஷின்' என்னும் ஆங்கில நூலாக எழுதியுள்ளார். அதன் சிறப்பு ஒளிவுமறைவின்மை. தோல்விகளைச் சொல்கிறார், போட்டியாளர் முந்திவிடுவாரோ என்று தாம் அஞ்சியதைச் சொல்கிறார், பரிசு ஆசை அறிவியலாரைப் பிடிக்கும் ஒரு நோய் என்று எள்ளி நகையாடிவிட்டு, தாமும் அதற்கு விலக்கல்லர் என்று ஒப்புக்கொள்கிறார். குறையும் உண்டு. நடுப்பகுதியில் ஆய்வு நுணுக்கங்களும் ஆய்வாளர் பெயர்களும் நெருங்கி வந்து, துறை அறியாதவரைத் திணற வைக்கின்றன. ஓட்டப்பந்தயத்தின் பரபரப்பு சிலவிடத்துப் பொறியின் அழகை மறைத்துவிடுகிறது. எனினும், பரிசில் பங்குபெற்ற தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகியோரை மறந்துவிடும் நம் பாராட்டுரைகளைவிட இந்நூல் நேர்மையானது. ரைபோசோமைப் படிகமாக்க முடியும் என்று 1980ஆம் ஆண்டையொட்டியே காட்டத் தொடங்கியவர் யோனாத். அப்பெயரைத் தமிழ் மேடைகளில் கேட்பது அரிது.

2012இல் சர் பட்டமும், 2015 முதல் 2020 வரை, நியூட்டன் வகித்த ராயல் சொசைட்டித் தலைவர் பதவியும் அவருக்குக் கிடைத்தன. இவற்றை ஒரு வரியில் சொன்னால் போதும்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003இல் அறிவியல் பாடம் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது, தமிழில் அறிவியலைச் சொல்ல இயலும் என்று வாதாடியவர்கள் தமிழாசிரியர்களே. பாடம் பின்னர்த் தமிழுக்குத் திரும்பியது. திரும்பிய தமிழில் ரைபோசோமை விளக்காமல் பிறந்த ஊரை மட்டும் பாடிக்கொண்டிருந்தால் அவ்வாதத்திற்கு என்ன பொருள்? அடுத்த பேச்சுப் போட்டிக்கு ஆறாம் ஆண்டு மாணவருக்கு எழுதித் தருவோர், மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை அந்த அளவுகோலுக்கு ஒதுக்கலாம். அரை நிமிடத்தை அந்த ஐம்பது விண்ணப்பங்களுக்குத் தரலாம். சிதம்பரத்திற்கு எஞ்சிய நேரம் போதும்.