பதினைந்து லிட்டர் கடல்

1846-இல் இங்கிலாந்தின் தென்கரை ஊரான டார்க்கீயிலிருந்து லண்டனுக்குச் சில கல் பவளங்கள் உயிரோடு வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர் அன்னா தின் என்ற சீமாட்டி. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர் பொறுப்பிலிருந்த குருவின் மனைவி. வழியில் பவளங்கள் உருண்டு நசுங்கிவிடாமலிருக்க, ஊசி நூலால் அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சில் தைத்து, கடல்நீர் நிரப்பிய ஜாடிக்குள் இறக்கி எடுத்துவந்தார். வந்த பிறகுதான் சிக்கல். லண்டனில் கடலுக்கு எங்கே போவது? வரவழைத்த கடல்நீர் தீர்ந்துபோனபோது, இருந்த நீரையே காப்பாற்ற வழி பார்த்தார். திறந்த சன்னலுக்கு முன் நின்று, டீக்கடையில் டீ ஆற்றுவதுபோல ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரைமணி, முக்கால்மணி நேரம் நீரை ஊற்றி ஊற்றிக் காற்றேற்றினால் பவளங்கள் பிழைத்தன. கை வலிக்க வலிக்க அதை ஆற்றியது வீட்டுப் பணிப்பெண். அடுத்த ஆண்டு கடற்பாசியும் தொட்டிக்குள் வந்தது. பவளங்கள் பிழைத்ததோடு பெருகவும் செய்தன. அதைப் பற்றி 1859-இல் ஓர் ஆய்விதழில் அவர் எழுதினார்.

மேசை ஓரத்தில் வைக்கும் குட்டிப் பவளத் தொட்டியை ரசிக்கத் தெரிந்தவர்கள், அதில் நீந்தும் மீனைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பணிப்பெண்ணின் வேலையைத் தேடுவார்கள். கடல் தானாகச் செய்யும் அத்தனையையும் யாரோ ஒருவர் கையால் செய்துகொண்டிருக்கிறார்: மழை, ஆற்றுநீர், அலை, ஓதம், பகல், இரவு. தொட்டி சிறுக்கச் சிறுக்க அந்த வேலை நுணுக்கமாகிறது. நல்ல தொட்டியில் அது கண்ணுக்கே தெரியாது.

நூறு லிட்டருக்குள் அடங்கினால் நானோ, பத்துப் பதினைந்து லிட்டருக்கு இறங்கினால் பிக்கோ என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களின் பேச்சுவழக்கு. கோடு எங்கே என்பதில் ஆளுக்கொரு கணக்கு. இருபது லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்லும் மணலும் இடம் பிடித்தபின் மிஞ்சுவது பதினைந்து லிட்டர் நீர்தான். கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 300 மில்லி ஆவியாகிறது என்று வையுங்கள். போவது தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே தங்கிவிடும். சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் 35 என்பது 37-ஐத் தாண்டியிருக்கும். நானூறு லிட்டர் தொட்டிக்காரருக்கு இந்த 900 மில்லி ஒரு பொருட்டே இல்லை. பிக்கோவில் அது பவளங்களைச் சுருங்க வைக்கப் போதும்.

இதற்கென்றே நீர்மட்டத்தை உணர்ந்து நன்னீரைத் தானாக ஊற்றும் கருவி வந்துவிட்டது. அந்தக் கருவியின் உணரி என்றைக்காவது ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்காமல் ஊற்றும். உப்பு சரசரவென்று இறங்கும். அனுபவசாலிகள் அதற்குச் செய்யும் தந்திரம் மிக எளியது: கருவிக்குத் தண்ணீர் தரும் டப்பாவையே சின்னதாக வைப்பது. கோளாறு வந்து முழுவதும் கொட்டினாலும் தொட்டி தாங்கும் அளவுக்குத்தான் அதில் தண்ணீர் இருக்கும். விலையுயர்ந்த கட்டுப்பாட்டுக் கருவிகள் எத்தனையோ இருந்தாலும், இந்த ஒரு லிட்டர் டப்பாவின் புத்திசாலித்தனம் தனி.

வெப்பம் அடுத்த தலைவலி. ஐரோப்பாவில் இந்தத் தொட்டிக்கு ஹீட்டர் வேண்டும். சென்னையின் மே மாதத்தில் குளிரூட்ட வேண்டும். பவளங்களுக்கு 24 முதல் 27 டிகிரி வரை இதமானது. அவற்றின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள்தாம் ஒளியிலிருந்து உணவு சமைத்துத் தருகின்றன. வெப்பம் சில வாரம் வரம்பு மீறினால் அந்தப் பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்துப்போகும். 2016-இல் மன்னார் வளைகுடாவில் பெரும் பரப்பில் நடந்தது இதுதான். பதினைந்து லிட்டருக்குச் சில்லர் வாங்கினால் தொட்டியைவிடச் சில்லர் பெரிதாக நிற்கும். எனவே பலரும் நீர்ப்பரப்பின்மேல் சின்ன மின்விசிறியை ஓடவிடுகிறார்கள். காற்று பட்டால் ஆவியாதல் கூடும், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாதல் கூடினால் உப்பும் ஏறும்! ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்றைக் கிளறிவிடுவது இந்தச் சின்னத் தொட்டியின் இயல்பு. கரையோர ஊர்களின் புழுக்கத்தில் விசிறியின் பலனும் பாதியாகிவிடும்.

தொட்டி வைத்த படுக்கையறையில் ஏ.சி. போட்டுச் சன்னலைச் சாத்திவிட்டு நான்கு பேர் உறங்கினால் அறைக்காற்றில் கரியமிலவாயு கூடும். அதுவும் நீரில் கரைந்து, பி.எச். அளவைக் கீழே இழுக்கும். இரவில் ஒளிச்சேர்க்கை இல்லாததால் அந்த அளவு ஏற்கெனவே இறங்கியிருக்கும் நேரம் அது. காரணம் தெரியாமல் மருந்துகளாக ஊற்றித் தீர்ப்பவர்கள் உண்டு. சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலே பாதிப் பிரச்சினை போகும். 1846-லேயே கண்டுபிடித்த வைத்தியம்.

உப்பும் வெப்பமும் கைக்கு வந்தபின் வேதியியல். கல் பவளம் கூடு கட்டுவதற்கு நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தையும் கார்பனேட்டையும் உறிஞ்சுகிறது. அந்தக் குறையை நிரப்ப வேண்டும். எவ்வளவு? பதினைந்து லிட்டரில் கார்பனேட் கடினத்தன்மையை ஒரு டிகிரி உயர்த்த, அரை கிராமுக்கும் குறைவான ஆப்ப சோடா போதும். ஒரு டீஸ்பூனை அள்ளிக் கொட்டினால் அளவு பத்து டிகிரி எகிறிவிடும். அக்ரோபோரா போன்ற தொட்டாற்சிணுங்கிப் பவள அழகிகள் அதைப் பொறுக்காமல் நுனியிலிருந்து கருகத் தொடங்கும். இந்தக் கலையில் கைப்பக்குவம் என்பது கிராமின் பத்தில் ஒரு பங்கில் அளக்கப்படுவது.

இத்தனைக்கும் நடுவே சின்னத் தொட்டிக்கு ஒரு சலுகை உண்டு. ஐந்நூறு லிட்டர்காரர் கனவிலும் நினைக்க முடியாததை பிக்கோக்காரர் வாராவாரம் செய்யலாம்: எல்லா நீரையும் எடுத்துவிட்டு, வெப்பமும் உப்பும் ஒத்த புதுநீரை ஊற்றுவது. ஒரு வாளி வேலை. ஓதம் வற்றும்போது சில நிமிடம் காற்றில் கிடந்து பழகிய பவளங்கள் இதைத் தாங்கும். மற்றவர்கள் கருவி கருவியாக வாங்கிக் குவிப்பதை இங்கே அந்த ஒரு வாளி பார்த்துக்கொள்கிறது.

கருவியில்லாத இந்த மனப்போக்குக்கு மூதாதை என்று ஜகார்த்தாவின் லீ சின் எங்கைச் சொல்லலாம். கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர் குடியேறிய பாறைத் துண்டுகள், கடல்நீர், காற்றுக் குமிழி, வெயில். அவ்வளவுதான் அவருடைய முறை. 1961-இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் அவர் அதை விளக்கி எழுதினார். பாறையின் துளைகளில் வாழும் பாக்டீரியா, மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அந்தப் பாறைதான் வடிகட்டி. மேற்கில் இது பெருவழக்காக வரப் பின்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

இனி உள்ளே யார் இருக்கலாம் என்ற கேள்வி. முதல் ஆசை எல்லோருக்கும் கோமாளி மீன்மேல்தான். பதினைந்து லிட்டரில் அதை அடைப்பது ரசனைக் குறைவு என்பதே இந்தக் கட்டுரையின் துணிபு. இந்த அளவுக்கென்றே பிறந்தவை போன்ற உயிர்கள் வேறு உண்டு. ஒன்றரை சென்டிமீட்டர் தோர் இறால், வாலை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே நிற்கும். பாக்ஸர் நண்டு இரண்டு கொடுக்குகளிலும் தலா ஒரு குட்டிக் கடல் அனிமோனைப் பிடித்துக்கொண்டு, யாராவது நெருங்கினால் குத்துச்சண்டைக்காரனாக நீட்டும். ஒரு கை அனிமோனைப் பறித்துவிட்டால், இருக்கும் மற்றதை இரண்டாகக் கிழித்துக் கைக்கொன்றாக வைத்துக்கொள்கிறது என்று 2017-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிழிபட்ட பாதி இரண்டும் முழு அனிமோனாக வளர்ந்துவிடும்.

கூட்டுக் குடித்தனம் பார்க்க விரும்புகிறவர்கள், சற்றே பெரிய நானோவில், வெடிக்கொடுக்கு இறாலையும் கோபி மீனையும் சேர்த்து வைக்கிறார்கள். கண்பார்வை மங்கிய இறால் நாள் முழுவதும் மணலில் வளை தோண்டுகிறது. கோபி வாசலில் காவல். இறாலின் உணர்கொம்பு ஒன்று எப்போதும் மீனின்மேல் பட்டுக்கொண்டேயிருக்கும். மீன் வாலை உதறினால் அடுத்த நொடி இரண்டும் உள்ளே. பெரிய தொட்டியில் இந்த நாடகம் எங்கோ ஒரு மூலையில் தொலைந்துபோகும்.

எவியோட்டா வகைக் குட்டி மீன்களை வாங்குகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வாழும் எவியோட்டா சிகில்லாட்டா என்ற இனத்தின் அதிகபட்ச ஆயுள் 59 நாள். முதுகெலும்புள்ள விலங்குகளில் மிகக் குறைவானதாக 2005-இல் பதிவானது. முதல் மூன்று வாரம் திறந்த கடலில் குஞ்சாகவே கழிந்துவிடும். அதன் உறவுக்கார மீன் செத்தால் நீர்ச்சோதனைக் குப்பிகளை வரிசையாக எடுத்து வைத்து அழ வேண்டியதில்லை. முதுமையாகவும் இருக்கலாம்.

அடுக்கும் அழகைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் விற்பனைக்கு வைக்கும் மாதிரித் தொட்டிகளில் ஓர் அங்குலம் விடாமல் பவளத் துண்டுகளை ஒட்டி, மேலே அடர்நீல விளக்கைப் போட்டிருப்பார்கள். எல்லாம் பச்சையும் ஆரஞ்சுமாகப் பளபளக்கும். கண்ணைப் பறிக்கும், கொஞ்ச நேரத்தில் களைக்கவும் வைக்கும். அந்தப் பளபளப்புக்குக் காரணமான ஒளிரும் புரதங்கள் உயர்ந்த பொருள்தான். தொட்டிக்காரர்கள் சாதாரணமாக வளர்க்கும் டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்திலிருந்து ரஷ்ய ஆய்வாளர்கள் பிரித்து 1999-இல் அறிவித்த சிவப்புப் புரதம், இன்று செல்களுக்குள் நடப்பதைப் பார்க்க உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. ஆனால் தொட்டியின் அழகு வேறு. மணல் வெறுமையாகத் தெரிய வேண்டும். பாறை ஒருபக்கம் சாய்ந்து, மறுபக்கம் நீர் திறந்து கிடக்க வேண்டும்.

அந்த வெற்றிடத்துக்கு அழகு மட்டும் காரணமில்லை. பவளங்கள் அக்கம்பக்கத்தாரைச் சகிப்பதில்லை. யூஃபிலியா வகைகள் இரவில் நீண்ட கொட்டும் இழைகளை வீசித் துழாவும்; எட்டும் தூரத்திலிருக்கும் மற்றப் பவளத்தின் திசு காலையில் உரிந்திருக்கும். முப்பது சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் அந்த இழைக்கு எட்டாத மூலை அதிகம் இல்லை. எனவே வளர்ந்ததை வெட்டிக்கொண்டேயிருக்க வேண்டும். ஸோயாந்திட் குடும்பத்தை வெட்டுவோர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடுநஞ்சு இருக்கிறது. வேண்டாத ஸோயாந்திட்டை ஒழிக்கப் பாறையைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியால் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

தமிழ்நாட்டில் இதில் இறங்குபவருக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். கல் பவளங்களும் கடல்விசிறிகளும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டைப் பொறுக்குவதும் குற்றம். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த கடற்கரைக்கு இந்தக் கடுமை தேவைதான். தொட்டி ஆசையும் கரையை வெறுமையாக்கும்: 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய மீன்தொட்டிப் புத்தகம் மூட்டிவிட்ட மோகத்தில் இங்கிலாந்தின் கரைப்பாறைக் குட்டைகள் சுரண்டப்பட்டதை அவர் மகன் எட்மண்ட் 1907-இல் வருத்தத்தோடு எழுதினார். சென்னை கொளத்தூரின் மீன்தொட்டிக் கடைகளில் எதை வாங்கினாலும், கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைக்கு மாற்றாகச் செயற்கைப் பாறையை வைத்து, பாக்டீரியாவைப் புட்டியிலிருந்து ஊற்றலாம். அது குடியேறி அம்மோனியாவைச் செரிக்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை தொட்டியில் கல்லும் மணலும் நீரும் மட்டும்தான். முதல் இறால் அதற்குப் பிறகு.