'அட்ஜஸ்ட்': அகராதிப் பொருளும் வழக்குப் பொருளும்

கடன்சொல் தன் மூலமொழிப் பொருளுடனேயே வந்து வழங்குகிறது என்னும் எண்ணம் இருமொழி அகராதிகளின் அமைப்பில் மறைந்து நிற்கிறது. 'அட்ஜஸ்ட்' என்னும் சொல்லின் வழக்கு இவ்வெண்ணத்தை மறுக்கிறது.

ஆங்கிலத்தில் இச்சொல் செயப்படுபொருள் குன்றா வினையாக வருங்கால் ஒன்றைத் திருத்தி அமைத்தலையும், குன்றிய வினையாக வருங்கால் புதிய சூழலுக்குப் பழகுதலையும் குறிக்கும். 'சரிசெய்', 'பொருத்து', 'ஒழுங்குபடுத்து' என்னும் வழக்கமான நிகரன்கள் முதற்பொருளையே தழுவியவை.

பெங்களூருப் பேருந்தில், இருவர் அமரும் இருக்கையில் இடம் வேண்டும் மூன்றாமவர் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்பார். இக்கன்னடத் தொடருக்கு நிகராக அந்நகரத் தமிழர் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்பர். இங்குச் செயப்படுபொருள் இல்லை; மாறி அமைய வேண்டியவர் கேட்பவரே. 'நாற்காலியை அட்ஜஸ்ட் பண்ணு' என்பதனோடு ஒப்பிட்டால், 'கொள்' என்னும் துணைவினை செயலின் விளைவைச் செய்பவர் மேலேயே ஏற்றுவது புலனாகும். எனவே இதற்கு நிகரன் 'சரிசெய்' அன்று; 'அனுசரித்துப் போ', 'பொறுத்துக்கொள்' என்பனவே. 'கொஞ்சம்' என்பதும் அளவைக் குறியாது பணிவையே குறிக்கிறது.

பேருந்தில் எவரும் எவரிடமும் இதனைக் கேட்கலாம். குடும்பத்திலோ 'அட்ஜஸ்ட் பண்ணிப் போ' என்பது பெரும்பாலும் மருமகளுக்கே கூறப்படுகிறது. சொல் ஒன்றே, கேட்பவர்க்கு மறுக்கும் உரிமை உண்டா என்பதில்தான் வேறுபாடு.

இவ்வேறுபாட்டின் கடுமையை அண்டை மாநிலத்து ஆவணம் ஒன்று காட்டுகிறது. மலையாளத் திரைத்துறைப் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு 2017-இல் அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. பாலியல் இணக்கம் கோருவதற்கு 'அட்ஜஸ்ட்மெண்ட்', 'காம்ப்ரமைஸ்' என்னும் சொற்கள் வழங்குவதை அது பதிவு செய்துள்ளது. நன்னூலார் தகுதி வழக்கின்பாற்படுத்திய இடக்கரடக்கல், குழூஉக்குறி ஆகிய இரண்டின் தன்மையும் இவ்வழக்கில் ஒருங்கே காணப்படுகின்றன.

இத்தகைய வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பவர் 'ஒத்துழைப்பு' என்றெழுதின் வற்புறுத்தல் மறைந்துவிடும். 'பாலியல் இணக்கம்' என்றெழுதின் கோரியவர் கையாண்ட மறைப்பு மறைந்துவிடும். அம்மறைப்பும் சான்றின் ஒரு கூறே. ஆதலின் கடன்சொல்லை அவ்வாறே நிறுத்தி, சூழற்பொருளை உடன் விளக்குதலே தக்கது. அகராதிகளும் இதனைத் தமிழ்ச் சொல்லாகவே கொண்டு, யார் யாரிடம் கூறுவது என்னும் குறிப்புடன் தனிப்பதிவாகத் தருதல் வேண்டும்.