உரைகல்: பாண்டி நாட்டுக் கடல் வணிகத்தின் நெறிகள்

மதுரைக்குக் கடல் இல்லை. வைகை கடலைச் சேரும் அழகன்குளம் கிழக்கே நெடுந்தொலைவில் இருக்கிறது. முத்துக்குப் பேர்போன கொற்கை தெற்கே இன்னும் தொலைவில். ஆயினும் பாண்டி நாட்டுக் கடல் வணிகத்தைப் பற்றி எழுதுபவர் மதுரையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. அழகன்குளத்து அகழாய்வில் கிடைத்த ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் மரக்கலங்கள் வந்து நின்ற துறையைக் காட்டுகின்றன. வந்த சரக்கை எடை பார்த்தவர் யார், பொன்னுக்கு மாற்று உரைத்தவர் யார், கொடுத்த வாக்கைக் காத்தவர் யார் என்று கேட்டால் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளுக்குத்தான் வர வேண்டும். நம் கடல் வணிகம் நெறியின் மேல் நின்றது. அந்த நெறி யார் யாரைக் காத்தது என்பதைப் பொறுத்தே அதன் வாழ்வும் தாழ்வும் அமைந்தன.

முதல் மரபு நிகமம். மாங்குளத்துத் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளில் வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகர் குழு துறவியர்க்குக் கற்படுக்கை செய்தளித்த செய்தி இருக்கிறது. அழகர்மலையில் உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், மதுரைப் பொன்கொல்லன் எனத் தொழிலோடு பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். தொழிலைச் சொல்லிப் பெயரைக் கல்லில் வெட்டுகிறவன், அந்தப் பெயருக்குப் பழி வராமல் நடக்கவும் கடமைப்பட்டவன். சிலப்பதிகாரம் மதுரை மணிக்கடைத் தெருவைக் காட்டும்போது வைரத்தின் ஒளியோடு நிறுத்தாமல் அதில் இருக்கக் கூடாத குற்றங்களையும் எண்ணிச் சொல்கிறது. அந்தக் கண் கடல் கடந்தும் போயிற்று. தாய்லாந்தின் குவான் லுக் பட் என்ற இடத்தில் கையடக்கமான ஓர் உரைகல் கிடைத்தது. அதில் தமிழ்-பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டுப் பொற்கொல்லன் ஒருவன் ஊர் விட்டு ஊர் போகையில் பொன்னை மட்டுமல்ல, பொன்னைச் சோதிக்கும் கல்லையும் தன் பெயர் வெட்டி எடுத்துப் போயிருக்கிறான்.

இரண்டாவது மரபு மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் போன்ற பெருங்குழுக்கள். கடல் வணிகத்தை வளர்த்தது அரசன் வாளே என்று சொல்வார்கள். 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மேல் அனுப்பிய படையைச் சான்றாகக் காட்டுவார்கள். படையின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில், தாய்லாந்தின் தகுவா பாவில் ஒரு குளம் மணிக்கிராமத்தாரின் காவலில் இருந்தது. படை போய் வந்த பின் 1088இல் சுமத்ராவின் பரூஸில் எழுந்த தமிழ்க் கல்வெட்டோ ஐந்நூற்றுவர் வெட்டுவித்தது: மரக்கலத்தார் கஸ்தூரி விலையைக் கணக்கிட்டுப் பொன் செலுத்திய பின்பே துறையில் கால்வைக்க வேண்டும். மதுரைக்கு வடக்கே பிரான்மலைக் கோயிலிலும் வணிகர் கூடி உப்பு, மிளகு, பாக்கு, இரும்பு, சந்தனம், அகில் என்று சரக்குவாரியாக இன்னதற்கு இவ்வளவு என மகமை விதித்துக்கொண்ட பாண்டியர் காலக் கல்வெட்டு உண்டு. தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு இது.

வடமொழியின் அர்த்தசாஸ்திரம் போல வணிக இலக்கணம் தமிழில் இல்லையே என்பது இன்னொரு தடை. தனிநூல் இல்லாதது உண்மை. கோட்பாடு இல்லை என்பது பொருந்தாது. வள்ளுவர் வணிகருக்கான குறளைப் பொருட்பாலில் வைக்கவில்லை; அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தின் முடிவில் வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வணிகம் என்றார். வணிகனை அதே அதிகாரத்துத் துலாக்கோலுக்குப் பக்கத்தில் நிறுத்திய இந்த வைப்புமுறையே ஒரு கோட்பாடு.

நூலில் இருந்தது நடப்பில் இருந்ததா என்ற கேள்வி எல்லாவற்றிலும் வலியது. பர்மாவில் கடன் தொழில் செய்த நகரத்தார் மரபே அதற்கு விடை. ரங்கூன் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். ஒருவர் கடையின் உண்டியலை மற்றவர் கடை தயங்காமல் ஏற்றது. தம்மவருக்குள் துலாக்கோல் சாயவில்லை. ஆனால் 1930க்குப் பின் நெல் விலை சரிந்தபோது கடன் தீர்க்க முடியாத பர்மிய உழவரின் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கீழ்பர்மாவின் நெல்வயலில் ஏறத்தாழ கால்பங்கு அவர்களிடம் இருந்தது. விலைச்சரிவு அவர்கள் செய்ததல்ல. என்றாலும் குழுவுக்குள் நின்ற நெறி உழவன் வாசலுக்குப் போகவில்லை. அதனால் பர்மியரிடம் எழுந்த மனக்கசப்புக்கு முன் எந்தக் கணக்கேடும் காப்பாகவில்லை.

1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கியபோது பங்கின் விலை 25 ரூபாய். மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரே அதன் தலைவர். குலத்தையும் குழுவையும் தாண்டி ஆசியர் எவரும் பங்குதாரர் ஆகலாம் என்று கடல் வணிகத்தின் கதவைத் திறந்த முயற்சி அது. கப்பல்கள் நிலைக்கவில்லை, அந்தக் கொள்கை நிலைக்கத் தக்கது. இன்று கடல் கடந்து சரக்கு அனுப்பும் நம் வணிகர்கள் பெரும்பதனின் கல்லை நினைத்துக்கொள்ள வேண்டும். உரைகல் விற்பவனுக்கு ஒன்று, வாங்குபவனுக்கு ஒன்று என்று இரண்டாக இருக்க முடியாது.